பிஎச்பி கொஞ்சம் தெரியும், பொழுதுபோக்காக என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இணையப் பக்கங்களுக்கான நிரல் மொழியான பிஎச்பி ஒரு பாடமாக இருந்தது. வேலை வேறு துறையில் அமைந்துவிட்டது. இப்போது மாலை நேரத்தில் ஏதாவது செய்து பார்க்க ஆசை, ஆனால் எந்த வீடியோவைத் திறந்தாலும் அதே டூ-டூ லிஸ்ட்தான் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) வருகிறது. போதாக்குறைக்கு, இந்த மொழியே செத்துவிட்டது என்கிறார்கள். கையில் இருப்பது ஓர் ஆண்ட்ராய்டு போன் மட்டும். இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். செத்துப்போன கதையை முதலில் முடித்துவிடுவோம். தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாவும் ஓடுவது பிஎச்பியில். வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்த தளங்கள் அத்தனைக்கும் அடியில் இருப்பது அதுதான். 2020 நவம்பரில் 8.0 பதிப்பு வந்தது, அதற்கப்புறம் ஆண்டுக்கு ஒன்றாகப் புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. எந்த மொழி படித்தால் சம்பளம் அதிகம் என்பது வேறு கேள்வி. பொழுதுபோக்குக்கு அந்தக் கவலை எதற்கு?

உண்மையில் இந்த மொழி பிறந்ததே ஒருவர் தன் சொந்தத் தேவைக்குச் செய்துகொண்ட சில்லறை வேலையாகத்தான். 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் பயோடேட்டாவை இணையத்தில் போட்டிருந்தார். அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சி மொழியில் சில சின்ன நிரல்கள் எழுதினார். ‘பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்து 1995 ஜூனில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பிறகு இஸ்ரேலில் ஸீவ் சுராஸ்கி, ஆன்டி கட்மன்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் பல்கலைக்கழக புராஜெக்டுக்காக இதை எடுத்தார்கள். அது தங்கள் வேலைக்குப் போதவில்லை என்று உள்ளே இருந்ததை மாற்றி எழுதினார்கள். 1998-இல் பிஎச்பி 3 வந்தது அப்படித்தான்.

இதை வைத்துச் செய்தவையும் அதே ரகம். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக விடுதியில் மாணவர்கள் ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். இரவுச் சாப்பாடு எங்கே, இணைப்பு ஏன் போய்விட்டது என்று பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று ட்ரீஸ் பொய்டார்ட் ஒரு சின்னச் செய்திப் பலகை எழுதினார். 2001-இல் ட்ரூபல் என்ற வலைத்தள மென்பொருளாக வெளிவந்தது அதுதான். விக்கிப்பீடியா முதலில் பெர்ல் என்ற மொழியில் எழுதிய ஒரு மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக பிஎச்பியில் ஒன்றை எழுதிக் கொடுத்தவர் மாக்னஸ் மான்ஸ்கே. அப்போது அவர் ஜெர்மனியில் உயிரியல் மாணவர். 2002 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2003-இல் மேட் முல்லன்வெக், தான் பயன்படுத்திவந்த பி2 என்ற பிளாக் மென்பொருளைக் கவனிக்க ஆளில்லாமல் போனதும், மைக் லிட்டிலுடன் சேர்ந்து அதை நகலெடுத்து மேற்கொண்டு வளர்த்தார். அதுதான் வேர்ட்பிரஸ்.

இந்தக் கதைகளைச் சொல்வது, நீங்களும் ட்ரூபல் கட்டுவீர்கள் என்று ஆசை காட்டுவதற்காக இல்லை. எல்லாவற்றிலும் முதல் பயனாளி யார் என்று பாருங்கள். எழுதியவரோ, அவர் பக்கத்து அறைக்காரரோதான். டூ-டூ லிஸ்ட் சலிப்பதற்குக் காரணம் அதற்கு ஆளே இல்லை என்பதுதான். அதை நீங்களே ஒரு வாரத்துக்கு மேல் திறக்கப்போவதில்லை. அதனால் நான் சொல்லும் ஒரே அளவுகோல் இது: இதைத் திறந்து பார்க்கப்போகிற ஒருவரின் பெயரை உங்களால் சொல்ல முடிய வேண்டும். அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, வாட்ஸாப் குழுவில் இருக்கும் மாமா, யாராக இருந்தாலும் சரி.

இதற்கு பிஎச்பி ஏன் தோதானது என்றால், அது வேலை செய்யும் விதம் அப்படி. யாராவது பக்கத்தைத் திறந்தால் உங்கள் ஃபைல் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓடும், எச்டிஎம்எல்லை அனுப்பும், பிறகு எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்தவர் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் உங்களுடையது இல்லை என்பதால் அது நள்ளிரவில் செத்துக் கிடக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மாற்றம் செய்ய வேண்டுமா, ஃபைலைத் திருத்தி சேமித்தால் போதும். ஒரே ஃபைலில் மேலே கணக்கு, கீழே எச்டிஎம்எல் என்று எழுதுவதைப் பெரிய நிறுவனங்களில் யாரும் ஏற்கமாட்டார்கள். நூறு வரியில் முடிகிற வீட்டு வேலைக்கு அதைவிட வசதி கிடையாது. லாராவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகளை, அதாவது முன்பே கட்டிவைத்த நிரல் சட்டகங்களை, இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவை நல்லவைதான், ஆனால் அவற்றைக் கற்பதே தனிப் பொழுதுபோக்காகிவிடும், நீங்கள் செய்ய நினைத்தது அப்படியே கிடக்கும்.

சரி, என்ன செய்யலாம்?

ஆரம்பத்துக்கு நான் பரிந்துரைப்பது தினம் ஒரு குறள் பக்கம். உரிமைச் சிக்கல் இல்லாத மூலம், 1330 என்று எண்ணிக்கை நிச்சயம், டேட்டாபேஸ் வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாகப் போட்டால் போதும். பிறர் எழுதிய உரையைச் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் அதன் உரிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க மிக எளிது, ஆனால் மூன்று இடங்களில் கால் இடறும். பெரும்பாலும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணை எடுத்து அந்தக் குறளைக் காட்டுவார்கள். அது அதிகபட்சம் 366 வரைதான் போகும். மிச்சம் 964 குறள்கள் வெளியே தலைகாட்டவே காட்டாது. ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி, அதை 1330-ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். அப்போது ஒரு சுற்று முடிய மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

இரண்டாவது, நேரம். பல சர்வர்களில் பிஎச்பியின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அப்படியே விட்டால் உங்கள் குறள் நள்ளிரவில் மாறாது, காலை ஐந்தரைக்குத்தான் மாறும். ஆசியா/கொல்கத்தா, இலங்கை என்றால் ஆசியா/கொழும்பு என்று நேர மண்டலத்தை முதல் வரியிலேயே அமைத்துவிடுங்கள். அமைத்த பிறகும், விநாடிக் கணக்கை 86,400-ஆல் வகுத்து நாளைக் கண்டுபிடித்தால் பழையபடி ஐந்தரைதான், ஏனென்றால் அந்த விநாடிக் கணக்கு எப்போதும் யுடிசியைச் சார்ந்தது. தேதிகளுக்கு உரிய டேட்டைம் வகுப்பைப் பயன்படுத்தி இரண்டு தேதிகளின் வித்தியாசத்தை எடுங்கள். மூன்றாவது, அதிகார எண். 391-ஆம் குறள் நாற்பதாவது அதிகாரமான கல்வியில் முதல் குறள், 400 அதில் கடைசி. குறள் எண்ணைப் பத்தால் வகுத்து ஒன்று கூட்டினால் 391-க்குச் சரியாக 40 வரும், 400-க்கு 41 வந்துவிடும். முதலில் ஒன்றைக் கழித்து, பத்தால் வகுத்து, பிறகு ஒன்றைக் கூட்டினால்தான் எல்லாம் பொருந்தும். புத்தகத்தில் படித்தால் மனதில் தங்காத சங்கதி இது. உங்கள் பக்கத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை தவறான அதிகாரப் பெயர் வந்து, குழுவில் யாராவது ஒரு தமிழாசிரியர் சுட்டிக்காட்டினால் வாழ்க்கைக்கும் மறக்காது.

இதற்கு அடுத்து எனக்கு மிகவும் பிடித்தது தமிழ்ச் சொல் விளையாட்டு. ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிப்பது, எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்வது, எது வேண்டுமானாலும். ஆங்கிலத்தில் இதை அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். தமிழில் முதல் வரியிலேயே ஒரு சுவர் எழும்பும்: ஒரு சொல்லில் எத்தனை எழுத்து?

‘தமிழ்’ என்ற சொல்லை ஸ்டர்லென் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் 15 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டுகளை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஸ்டர்லென் என்ற பெயருக்கு முன்னால் எம்பி சேர்ந்த ஃபங்ஷனிடம் கேட்டால் 5 என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் கணக்கில் அது சரி, நம் கணக்கில் இல்லை. கிராஃபீம் ஸ்டர்லென் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் 3 என்று சொல்லும். ‘யாழ்ப்பாணம்’ என்றால் இந்த மூன்றும் முறையே 33, 11, 6. கிராஃபீம் வகையெல்லாம் இன்டல் என்ற நீட்சியில் வரும். சில ஹோஸ்டிங்கில் அது இருக்காது. அங்கே எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வுக் கோடும் பெரிய எக்ஸும் போட்டு, யூ என்ற குறியையும் சேர்த்தால் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தந்துவிடும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் நாம் ஒற்றை எழுத்தாகப் பார்க்கிறோம், யூனிகோட் விதி அவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. விளையாட்டில் அவற்றை என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கிரந்தம் கலந்த சொற்களையே சேர்க்காமல் விடுவது சுலபமான வழி, நான் என்றால் அதைத்தான் செய்வேன். இன்னொரு வேடிக்கை ஒகர உயிர்மெய்யில் இருக்கிறது. ‘கொ’ என்பதைக் க-வுக்குப் பின் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. உள்ளே இரண்டும் வேறு, சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். ஆட்டக்காரர் சரியான விடையைத் தட்டி, உங்கள் பக்கம் ‘தவறு’ என்று சொன்னால் அவர் உங்களை என்ன நினைப்பார்? வருகிற எந்தச் சொல்லையும் நார்மலைசர் வகுப்பின் வழியாக ஒருமுறை அனுப்பிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு வடிவமும் ஒன்றாகிவிடும். ஔகாரத்தில் அந்த இறக்கைக் குறிக்குப் பதிலாக ள என்ற எழுத்தையே தட்டுகிறவர்கள் உண்டு, அதை நார்மலைசராலும் பிடிக்க முடியாது. அதற்குத் தனியாக இரண்டு வரி எழுத வேண்டியதுதான்.

சொல் பட்டியலை அகரவரிசைப்படுத்தப் போனால் அடுத்த சுவர். சாதாரணமாக வரிசைப்படுத்தினால் ‘அழகு’ முதலிலும் ‘அவல்’ பின்னாலும் வரும். யூனிகோட் அட்டவணையில் ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் இருக்கின்றன, ற என்பது ர-வை ஒட்டியும், ன என்பது ந-வை ஒட்டியும் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கு அப்படியா? ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. கொலேட்டர் வகுப்பில் தமிழைக் குறிப்பிட்டு வரிசைப்படுத்தினால் அகராதி வரிசை சரியாக வரும். தமிழ்த் தளங்கள் பலவற்றில் பெயர்ப் பட்டியல் குளறுபடியாக இருப்பதற்கு இந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

மூன்றாவது, மொய்க் கணக்கு. கிராமத்து வீடு என்றால் இதைவிட உபயோகமான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. மதுரை, தேனி பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று எதுவானாலும் மொய் நோட்டு உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே வைப்பார்கள். யார் எவ்வளவு செய்தார், நாம் அவருக்கு எப்போது எவ்வளவு திரும்பச் செய்தோம் என்பதைப் பழைய நோட்டுகளில் தேடுவது வீட்டுப் பெரியவர்களின் வேலை. இதை ஒரு டேபிளில் போடுங்கள்: ஊர், தலைப்பெழுத்து, பெயர், தொகை, விசேஷம், தேதி, வந்ததா போனதா. அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் தேடல் நன்றாக இருந்தால்தான் பயன். பெயரை முதலில் கேட்காதீர்கள், முருகேசன் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நோட்டில் எழுதுகிறவர்கள் முதலில் ஊரைத்தான் கேட்பார்கள், நீங்களும் அதே வரிசையில் கேளுங்கள். ஊரைத் தேர்ந்தால் அந்த ஊர்ப் பெயர்கள் மட்டும் வரட்டும். மேலே சொன்ன நார்மலைசர் இங்கேயும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் தட்டிய கொட்டாம்பட்டியும் இன்னொருவர் தட்டிய கொட்டாம்பட்டியும் இரண்டு ஊராக நிற்கும்.

இதில் வேறு இரண்டு நுணுக்கங்கள் உண்டு. பிஎச்பியின் வழக்கமான எண் அலங்கார ஃபங்ஷன் 12 லட்சத்து 34 ஆயிரத்து 567-ஐ 1,234,567 என்று எழுதும். வீட்டில் காட்டினால் ‘இது என்னப்பா கணக்கு’ என்பார்கள். இன்டல் நீட்சியில் உள்ள நம்பர் ஃபார்மேட்டரில் இந்தியத் தமிழைக் குறிப்பிட்டால் 12,34,567 என்று வரும். அப்புறம், தொகையை எழுத்தால் காட்டும் ஃபங்ஷனை நீங்களே எழுதிப் பாருங்கள். அதுவே ஒரு மாலைக்கான புதிர். மொய்யில் 501, 1001 என்றுதான் வரும், ‘ஐந்நூறு ஒன்று’ என்று காட்டினால் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நூறு நூற்று ஆக வேண்டும், ஆயிரம் ஆயிரத்து ஆக வேண்டும், இருபது இருபத்து ஆக வேண்டும். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், ஆனால் 9000 ஒழுங்காக ஒன்பதாயிரம். எங்கே விதி, எங்கே விதிவிலக்கு என்று நீங்களே அட்டவணை போட வேண்டியிருக்கும்.

இதற்கு மைஎஸ்கியூஎல் போன்ற தனி டேட்டாபேஸ் சர்வர் தேவையில்லை. எஸ்கியூலைட் போதும். முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல், பேக்கப் என்பது அந்த ஃபைலை நகலெடுப்பது. மொய்க் கணக்கை மட்டும் தயவுசெய்து இணையத்தில் ஏற்றாதீர்கள். ஊரார் பணம் எவ்வளவு என்பது உலகத்துக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. அதை வீட்டு வைஃபையில் ஓட விட்டால் அதே வைஃபையில் இருக்கிற போன்களில் மட்டும் திறக்கும். வெளியுலகத்துக்குத் திறந்துவிட அந்த சர்வர் ஏற்றதல்ல என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அது போதும்.

மின்னணுச் சாமான்களில் கை வைக்கிற பழக்கம் இருந்தால் வைஃபை உள்ள இஎஸ்பி8266 என்ற சின்ன போர்டில் ஒரு வெப்பமானியை இணைத்து, அரை மணிக்கொரு தடவை உங்கள் பிஎச்பி பக்கத்தை அழைக்க வைக்கலாம். முகவரியின் வாலில் வெப்ப அளவு வரும், பக்கம் அதை எடுத்து எழுதிக்கொள்ளும். வரைபடத்துக்கு எந்த லைப்ரரியும் வேண்டாம். கோடுகளையும் வடிவங்களையும் எழுத்தாகவே விவரிக்கும் எஸ்விஜி என்ற பட வடிவத்தில் புள்ளிகளை இணைக்கும் கோடு ஒன்றை பிஎச்பியே எழுதிவிடும். எஸ்விஜியில் கீழே போகப் போக எண் கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்காவிட்டால் மத்தியானம் குளிராகவும் விடிகாலை வெயிலாகவும் தெரியும். சென்சார் வாங்க மனமில்லை என்றால் ஒரு மழைமானியை மொட்டை மாடியில் வைத்து, தினமும் காலையில் மில்லிமீட்டர் அளவைக் கையால் ஒரு ஃபார்மில் போடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தெருவே உங்கள் பக்கத்தைப் பார்க்கும்.

பிறந்தநாள் வாழ்த்து அட்டை, அழைப்பிதழ் செய்து தரும் பக்கம் எழுதலாமா என்று பலருக்கும் தோன்றும். பிஎச்பியின் ஜிடி நீட்சியில் படத்தின் மேல் எழுத்தை வரையலாம். ஆங்கிலத்துக்கு அருமை. தமிழில், பெரும்பாலான நிறுவல்களில், ‘கெ’ என்று எழுதினால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் உட்காரும், ஏனென்றால் எழுத்தை இடம் மாற்றி அடுக்கும் வேலையை அது செய்வதில்லை. இதோடு மல்லுக்கட்டாமல் அட்டையை எச்டிஎம்எல்லாகவோ எஸ்விஜியாகவோ அனுப்பிவிடுங்கள். தமிழை ஒழுங்காக அடுக்கப் பிரவுசருக்குத் தெரியும். பிடிஎஃப் தான் வேண்டும் என்றால் எம்பிடிஎஃப் என்ற லைப்ரரி இந்திய எழுத்துகளைக் கையாளும்.

இனி, வீட்டைத் தாண்டி இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். பிஎச்பிக்குக் கெட்ட பெயர் வந்ததே இங்கேதான், அந்தப் பெயரில் பாதி நியாயமானது. பழைய பாடங்கள் இன்னமும் இணையத்தில் மிதக்கின்றன. மைஎஸ்கியூஎல் என்று தொடங்கும் பழைய ஃபங்ஷன்களைச் சொல்லித்தரும் எந்தப் பாடத்தையும் உடனே மூடிவிடுங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-இலேயே அவை நீக்கப்பட்டுவிட்டன. பயனர் தட்டியதை எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டவே கூடாது. பிஎச்பியின் டேட்டாபேஸ் இணைப்பு வகுப்பான பிடிஓ வழியாக, வாக்கியத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். பயனர் தட்டியதைத் திரும்பத் திரையில் காட்டும்போது எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷன் வழியாகத்தான் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் விருந்தினர் பதிவேட்டில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதி வைத்து, அடுத்து வருகிற எல்லோருடைய பிரவுசரிலும் அதை ஓட வைப்பார். இவ்வளவு அவசியமான ஃபங்ஷனுக்கு இவ்வளவு நீளப் பெயர் ஏன் என்று கேட்பீர்கள். ஆரம்ப காலத்தில் பெயரின் நீளத்தை வைத்தே ஃபங்ஷன்களை உள்ளே அடுக்கி வைத்திருந்ததாகவும், நீளங்கள் பரவலாக இருக்கட்டும் என்று பெயர்களை வைத்ததாகவும் லெர்டார்ஃபே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்த மொழியின் குணம் அப்படி.

கடவுச்சொல் வைத்தால் பாஸ்வேர்ட் ஹாஷ் ஃபங்ஷனைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். எம்டி5 என்ற பழைய முறையைச் சொல்லும் பாடமும் மூட வேண்டிய பாடம்தான். எஸ்கியூலைட் ஃபைலை எல்லோருக்கும் திறந்த ஃபோல்டருக்குள் வைத்தால் பெயரை ஊகிக்கிற எவரும் டேட்டாபேஸை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம், அதை அந்த ஃபோல்டருக்கு வெளியே, ஒரு படி மேலே வையுங்கள். படம் ஏற்றும் வசதி கொடுக்கும் ஆசை இருந்தால் கொஞ்ச நாள் அடக்கிக்கொள்ளுங்கள். படம் என்ற பெயரில் யாராவது ஒரு பிஎச்பி ஃபைலை ஏற்றி அதை உங்கள் சர்வரிலேயே ஓட்டிவிடுவது மிகப் பழைய தந்திரம், இன்றும் பலிக்கிறது. ஹோஸ்டிங் வாங்கும்போது இடம் எத்தனை ஜிபி என்பதைவிட பிஎச்பி எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு ஆண்டு முழுப் பராமரிப்பு, மேலும் இரண்டு ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள். அதற்கு மேற்பட்ட பழசை ஓட்டுகிற இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கடைசியாக, போன் மட்டும்தான் இருக்கிறது என்றீர்கள். அது தடையே இல்லை. போனிலேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் டெர்மக்ஸ் என்ற செயலியை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து நிறுவுங்கள். அதற்குள் பேக்கேஜ் நிறுவும் கட்டளையில் பிஎச்பி என்று கொடுத்தால் மொழி வந்துவிடும், எஸ்கியூலைட்டையும் அங்கேயே நிறுவிக்கொள்ளலாம். ஒரு ஃபோல்டருக்குள் ஃபைலை எழுதி, பிஎச்பி கட்டளையோடு ஹைஃபனும் பெரிய எஸ்ஸும் போட்டு, லோக்கல்ஹோஸ்ட் 8000 என்று முகவரி கொடுத்தால் சர்வர் எழுந்துவிடும். அதே போனின் பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டினால் உங்கள் பக்கம். திரையை அணைத்ததும் ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வைக்கப் பார்க்கும், டெர்மக்ஸின் அறிவிப்பில் வேக்லாக் என்று இருப்பதை அழுத்தினால் விழித்திருக்கும். போன் விசைப்பலகையில் டாலர் குறியையும் அடைப்புக்குறிகளையும் தேடித் தேடி அடிப்பதுதான் உண்மையான கஷ்டம். ஒரு மலிவான புளூடூத் கீபோர்டும் போனைச் சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்டும் வாங்கிவிட்டால் குறள் பக்கத்தை இந்த வார இறுதியிலேயே முடித்துவிடலாம். சொல் விளையாட்டுக்கும் மொய்க் கணக்குக்கும் மட்டும் இன்டல் நீட்சி அந்த நிறுவலில் இருக்கிறதா என்று பிஎச்பி இன்ஃபோ பக்கத்தில் முதலில் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.